ஒரு பக்கம் மட்டும் அடித்த தாள்

அன்று அச்சகத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி, தன் மேசைக்குப் பின்னால். வாசகர் சங்கத் தலைவர். அவர் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். சங்கச் செயலாளர், அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தமிழ்ப் பள்ளிக் கமிட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர். மெஷின் ஓட்டும் அபாங். அச்சு கோக்கும் கம்பாசிட்டர் நான்.

தனம் டீச்சர் இல்லை. பேச்சு அவரைப் பற்றித்தான். ஆனாலும் அவரைக் கூப்பிடவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுத ஒரு காரணம் உண்டு. "நாங்கள் எழுத்தைத்தான் பார்ப்போம், அர்த்தம் பார்ப்பதில்லை." இதை நான் சொன்னதாக உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். தொழில் தருமம் என்கிறார்களாம். சொன்னது நான்தான். எப்போது, எதற்குச் சொன்னேன் என்று யாருக்கும் தெரியாது. அதை எழுதுகிறேன். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். நீட்டி எழுத வராது.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்திய மாதங்கள் அவை. எங்கள் அச்சகம் காஜா பேராங் என்ற பகுதியில் இருந்தது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நோட்டீஸ், ஒரு வாழ்த்து மடல், ஒரு மலர். எழுத்துப் பெட்டிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. ஒன்றைக் கலைத்தால்தான் இன்னொன்றைக் கோக்க முடியும்.

அந்த நேரத்தில் வாசகர் சங்கம் ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தது. ஒரு பழைய நாவலைப் பற்றி ஏழு பேர் எழுதியது. நாவலின் பெயர் இங்கே வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்நாட்டில் எங்கள் அப்பா காலத்தில் வந்த நாவல். ஒருத்தியின் புருஷன் வெளியூரில் இருக்கிறான். வருவதே இல்லை. அவன் உயிரோடு இருக்கும்போதே அவள் இன்னொருவனோடு போய்விடுகிறாள். கடைசியில் கிணற்றில் விழவில்லை, நோயில் சாகவில்லை. ஒரு சின்ன ஊரில் பலகாரக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்கிறாள். சண்டையெல்லாம் அதற்குத்தான். உயர்ந்த இலக்கியம் என்று ஒரு பக்கம் சொல்லுவார்கள். வீட்டில் வைக்கக் கூடாது என்று அவர்களே இன்னொரு பக்கம் சொல்லுவார்கள்.

ஏழில் ஆறு கட்டுரை நாவலைத் திட்டியது. ஒருவர் நடை அழகு, கதை அழுகல் என்று எழுதியிருந்தார். ஒருவர் மலாயா சுதந்திரம் அடையும் நேரத்தில் நம் பெண்கள் இதைப் படிக்கலாமா என்று கேட்டிருந்தார். சுதந்திரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கோத்தேன்.

மிச்சம் ஒன்று, மற்ற ஆறையும் படித்துவிட்டு எழுதியது, தனம் டீச்சருடையது. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் உண்டு.

அவர் நாவலைப் புகழவில்லை. அவள் செய்தது சரி என்றும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: அவள் சாகவில்லை என்பதில் நமக்கு ஏன் இத்தனை வருத்தம்? அவள் செத்திருந்தால் இந்த நாவலைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே வைத்திருப்போமே என்று எழுதியிருந்தார். அந்த வரியைக் கோக்கும்போது என் கை நின்றது. பிறகு கோத்தேன்.

கட்டுரையின் நடுவில் ஒரு காரியம் செய்திருந்தார். "இனி அவளே பதில் சொல்லட்டும்" என்று எழுதிவிட்டு, கதையில் வருகிற அந்தப் பெண் ஆறு கட்டுரைக்காரர்களுக்கும் பதில் சொல்வதுபோல் எழுதியிருந்தார். முழுக்க "நான், நான்" என்றே போகும். கடைசியில், "இது அவள் பேச்சு. இனி என் பேச்சு" என்று எழுதி மறுபடி தன் கட்டுரைக்கு வந்திருந்தார்.

புரூஃப் பார்க்க டீச்சர் அச்சகத்துக்கே வந்தார். நான் கேட்டேன்.

"டீச்சர், அந்தப் பொம்பள பேசற எடத்த மட்டும் சின்ன எழுத்துல போட்டா நல்லா இருக்கும். யாரு பேசறான்னு கொழப்பம் வராது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "படிச்சுக்கிட்டேதான் கோக்கிறீங்களா அண்ணே?"

"படிக்காம எப்படி டீச்சர் கோக்கிறது?"

சிரித்தார். "சரி, சின்ன எழுத்துலயே போடுங்க."

"இப்ப இல்ல டீச்சர். சின்ன எழுத்து பூராவும் மெர்டேக்கா நோட்டீசுல மாட்டிக்கிட்டு இருக்கு. வர ரெண்டு வாரம் ஆகும்."

"தலைவர் அவசரப்படுத்துறாரு. முன்னாடியும் பின்னாடியும்தான் சொல்லியிருக்கேனே. அது போதும்."

போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது அபாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அபாங் என்றால் மலாயில் அண்ணன். அவர் பக்கத்திலிருந்த செட்டி கம்பத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட இந்துக்களின் கிராமம் அது. நெற்றியில் விபூதி இல்லாமல் வேலைக்கு வரமாட்டார். ஆனால் தமிழ் பேச வராது, படிக்கவும் வராது. வீட்டில் மலாய்தான். பல வருஷம் தமிழ்ப் புத்தகம் அடித்தவர், ஒரு எழுத்து தெரியாது. மை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். "தமிழ் தெரியாம முருகன எப்படிக் கும்புடுறீங்க?" என்று கேட்டால், "முருகனுக்கு மலாய் தெரியும். உனக்குத்தான் அரைகுறை" என்பார். எங்கள் பேச்செல்லாம் மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மத்தியானம் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மனைவி கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கில், தேங்காய்ப்பால் சோற்றில், பாதி எனக்கு வரும். சாப்பிடும்போது கேட்பார்.

"இன்று என்ன கோத்தாய்? அந்தப் பெண் என்ன ஆனாள்?"

நான் சொல்லுவேன். காலையில் கோத்ததை மத்தியானம் அவருக்கு என் மலாயில் சொல்லுவது வழக்கம். ஆறு பேர் என்ன திட்டினார்கள், டீச்சர் என்ன சொன்னார், அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள், எல்லாம் சொன்னேன்.

"கடைசியில் சாகவில்லையா?"

"சாகவில்லை. பலகாரக் கடை."

"பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். "என்ன பலகாரம்?"

அது கட்டுரையில் இல்லை என்றேன். அதைக்கூட எழுதாமல் என்ன கட்டுரை என்று திட்டினார்.

இனி, தவறு.

ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய தாளின் ஒரு புறத்தில் எட்டு, மறுபுறத்தில் எட்டு. ஒரு புறம் மட்டும் அடித்த தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. இரண்டு புறமும் அடித்து மடித்தால்தான் வரிசை வரும். டீச்சர் கட்டுரைக்கு ஒரு முழு ஃபாரம் ஒதுக்கியிருந்தேன்; முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டு வரை. அவருடைய புரூஃப் கடைசியாகத் திரும்பியதால், பின்னால் வரும் கட்டுரைகள் முன்பே அடித்து முடிந்திருந்தன. டீச்சருடையது மட்டும் பாக்கி. அதிலும் ஒரு புறம் மட்டும் ஓடியிருந்தது. நடுவில் மெர்டேக்கா நோட்டீஸ் வேலை புகுந்ததால், மறுபுறத்தின் எட்டுப் பக்கமும் ஈய எழுத்தாகவே கல்மேசையில் சட்டத்தில் முடுக்கிக் கிடந்தன.

மெஷின் ஓடத் தொடங்கும்போது முதலில் வருகிற தாள்கள் கழிவு. மை கூடும், குறையும். அந்தத் தாள்களை யாரும் படிக்க முடியாதபடி கத்தியால் குறுக்கே வெட்டித்தான் வெளியே விட வேண்டும். எனக்குத் தொழில் பழக்கியவர் முதல் வாரத்திலேயே சொன்னது அது. வெட்டுவது என் வேலை. வெட்டின தாள் பொட்டலம் கட்டத் தலைவரின் ஜவுளிக்கடைக்குப் போகும். அது ஒரு பழக்கம். கொஞ்ச நாளாகக் கடை ஆள் முனகிக்கொண்டிருந்தான்.

"பாதித் தாள வச்சு என்னண்ணே செய்றது? ஒரு வேட்டியக்கூட மூட முடியல. முழுசாக் குடுத்தா என்னா?"

தலைவரின் கடை, தலைவரின் புத்தகம். முழுசாகக் கொடுத்தேன். வெட்டுகிற வேலை மிச்சம் என்றும் நினைத்தேன்.

அப்படிப் போன தாள் ஒன்று ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனது. அதன் ஒரு மூலையில் முப்பத்து மூன்றாம் பக்கம். கட்டுரைத் தலைப்பும் டீச்சர் பெயரும். அதே தாளில் முப்பத்தாறும் முப்பத்தேழும். அந்தப் பெண் பேசுகிற பக்கங்கள் இரண்டும் முழுசாக. "இனி அவளே பதில் சொல்லட்டும்" என்ற வரி முப்பத்தைந்தில். "இது அவள் பேச்சு" என்பது முப்பத்தெட்டில். அந்த இரண்டு பக்கமும் தாளின் பின்புறத்தில் வர வேண்டியவை. பின்புறம் வெள்ளை.

"அவர் வராத வருஷங்களில் நான் யாருக்குச் சமைத்தேன் என்று நீங்கள் யாராவது கேட்டீர்களா? நான் போனேன். போனதற்கு அழவில்லை." இப்படி இரண்டு பக்கம். மேலே டீச்சர் பெயர். சிங்கப்பூர்க் கணவர் ஊருக்கே தெரிந்த விஷயம்.

அந்தத் தாள் ஒரு வாரத்தில் எத்தனை வீடு சுற்றியதோ. பள்ளிக் கமிட்டிக்குப் போனது. டீச்சரை நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கமிட்டிப் பெரியவர் அவசரக்காரர் அல்ல. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். தலைவரும் செயலாளரும் பின்னாலேயே வந்தார்கள். நான் முதலில் எழுதிய கூட்டம் அதுதான்.

பெரியவர் தாளைக் கல்மேசைமேல் விரித்தார். அதன் அடியில்தான் மறுபுறத்து எட்டுப் பக்கமும் கிடந்தன.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்" என்றார். "இது அந்த அம்மா சொந்தக் கதையா, இல்ல நாவல்ல வர்றவ பேச்சா? நாவல்ல வர்றவ பேச்சுன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. நான் போயி கமிட்டியில சொல்லிடுவேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு தலைவரைப் பார்த்தார். "நீங்கதான் நாவலப் படிச்சவரு. இது அதுல வருதா?"

தலைவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அந்தக் கண்றாவிய யாருங்க முழுசாப் படிச்சா?"

"முன்னுரை எழுதியிருக்கீங்களே?"

"முன்னுரைதானே எழுதுனேன்?"

பெரியவர் செயலாளரைப் பார்த்தார். அவர், "நடுவுல கொஞ்சம் படிச்சேன் சார். அதுல இது இல்ல" என்றார்.

"அந்த அம்மாவையே கேட்டுட்டா?" என்றார் பெரியவர்.

"அவங்க இல்லன்னுதானே சொல்லப் போறாங்க" என்றார் தலைவர். "அதுக்கு முன்ன ஒண்ணு தெரியணும். இந்தத் தாளு எப்படி வெளிய வந்துச்சு? என் கடைப் பொட்டலம்னு ஊரெல்லாம் பேச்சு. அச்சகத்துல யாரு பொறுப்பு?"

முதலாளி என்னைப் பார்த்தார். பள்ளியின் பரீட்சைத் தாள், சங்கங்களின் மலர் எல்லாம் இங்கேதான் அச்சடித்தார்கள். அந்த வேலைகள் போய்விடக் கூடாது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தம்பி கோத்தது? நீங்க சொல்லுங்க. இதுக்கு முன்னப் பக்கத்துல என்ன இருக்கு? அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?"

பதில் அவர் கைக்குக் கீழே இருந்தது. ஈய எழுத்து தலைகீழாக இருக்கும். அவருக்குப் படிக்க வராது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் வரும். கையெழுத்துப் பிரதியும் என்னிடம்தான் இருந்தது; அதை யாரும் கேட்கவில்லை. மை தடவி ஒரு தாளை வைத்து உருளையை ஒரு தரம் உருட்டினால் போதும். முப்பத்தைந்தும் முப்பத்தெட்டும் அவர் கையில் இருந்திருக்கும். டீச்சரின் வேலை இருந்திருக்கும்.

ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இத்தனை தெரிந்தவன் தாளை ஏன் வெட்டாமல் விட்டாய்? வீட்டில் மூன்று பிள்ளைகள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிடம் நினைத்தது அதைத்தான், அதனால் சொல்கிறேன்.

"நாங்க எழுத்தத்தான் பாப்போம் ஐயா" என்றேன். "அர்த்தம் பாக்கிறதில்ல."

தலைவர் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். அவன் எறும்பு மாதிரி ஒவ்வொண்ணாப் பொறுக்குறவன். அவனப் போயி கேக்கிறீங்களே."

செயலாளரும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. தாளை மடித்தார். உள்ளங்கையில் மை ஒட்டியிருந்தது. முதலாளி துடைக்கத் துணி கொடுத்தார்.

"அப்ப இந்தக் கட்டுரை வேணாம்" என்றார் தலைவர். "ஆறு போதும்."

தாள் எப்படி வெளியே போனது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அர்த்தம் தெரியாதவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவர்கள் போனதும் முதலாளி என் தோளைத் தட்டினார். "பொழைக்கத் தெரிஞ்சவன் நீ, தம்பி." அவர் கெட்டவர் அல்ல. எங்களுக்கு ஒரு நாளும் சம்பளம் நிறுத்தியதில்லை.

அபாங் மெஷினைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பேச்சு தமிழில் நடந்ததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?"

சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. மலாயில் சொல்லும்போது அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"படிக்கத் தெரியாதவன் நான்" என்றார். "நீ எதற்கு என் பதிலைச் சொன்னாய்?"

நான் எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பெண் பலகாரக் கடை வைத்தாள் என்று எனக்கு யார் சொன்னது?"

அடுத்த நாளும் நாசி லெமாக்கில் பாதி எனக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஆனால் இன்று என்ன கோத்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை கேட்கவில்லை.

எழுத்து வேண்டும் என்பதால் டீச்சரின் பக்கங்களைக் கலைக்கச் சொன்னார்கள். வரிவரியாகக் கையில் எடுத்து, எழுத்துகளைப் பெட்டியில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டீச்சர் வந்தார். குடையை வாசலில் சாய்த்தார்.

"கையெழுத்துப் பிரதிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணே."

எடுத்துக் கொடுத்தேன். அவர் உடனே போகவில்லை. கல்மேசையைப் பார்த்தார். பாதிக்கு மேல் கலைத்தாயிற்று.

"கையில வச்சிருக்கிறது எந்தப் பக்கம்?"

"முப்பத்தெட்டு டீச்சர்."

"இது அவ பேச்சுன்னு முடிச்சிருந்தேனே, அந்தப் பக்கமா?"

"ஆமா டீச்சர். மேல ரெண்டாவது வரி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவர் கையெழுத்துப் பிரதியைச் சுருட்டினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க அர்த்தம் பாக்கிறதில்லன்னு சொன்னாங்க" என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு போனார்.

கையெழுத்துப் பிரதியைக் காட்டியும், அது பிறகு எழுதிச் சேர்த்தது என்று சொல்லி, அடுத்த தவணைக்கு அவரைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மூவார் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்குப் போனதாகக் கேள்வி. நான் விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

மறு வருஷம் என்னை ஃபோர்மன் ஆக்கினார்கள். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "எங்க ஆளு அர்த்தம் பாக்க மாட்டான். எத வேணும்னாலும் நம்பிக் குடுக்கலாம்." அதைக் கேட்டு ரகசியமான வேலைகள் வந்தன. வெளியூர்ப் பள்ளிகளின் பரீட்சைத் தாள், வழக்குக் காகிதம், சங்கத் தேர்தல் நோட்டீஸ். என் பொய் அச்சகத்துக்கு நல்ல பெயராகிவிட்டது. பிறகு வந்த பையன்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். மறுக்கவில்லை. அவர்களிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது.

அதைத் தருமமாக வைத்துக்கொள்ளாதீர்கள். படிக்காமல் யாராலும் கோக்க முடியாது. இப்போது நீங்கள் திரையில் பார்த்துக் கோக்கிறீர்கள். அப்போதும் கண் படிக்கத்தான் செய்யும். மற்றவர் ரகசியத்தை வெளியே சொல்லாமல் இருப்பது வேறு. தெரியுமா என்று நேருக்கு நேர் கேட்கும்போது, அதில் ஒருவர் வேலை தொங்கும்போது, தெரியாது என்பது வேறு. நான் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரை வைத்துக்கொண்டேன். கழிவுத் தாளையும் வெட்டுங்கள். யார் கடைக்குப் போவதாக இருந்தாலும் வெட்டுங்கள்.

புத்தகம் மெர்டேக்கா சமயத்தில் வெளிவந்தது. தலைவருக்கு மாலை போட்டார்கள். பக்க எண்களை மாற்ற வழியில்லை. பின்னால் உள்ளவை முன்பே அடித்தவை. அப்படியே தைத்தோம். தைக்கும்போது யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். விழாவில் கேட்பார்கள் என்று பயந்தேன். பிறகு, யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் நாற்பத்தொன்பது.

நடுவில் இல்லாதவை பதினாறு பக்கம்.